சங்கின் வால்

நீர்க்குழி எஸ்டேட்டுக்கு டவர் வந்த வருஷம் மழை அதிகம், அட்டை அதிகம், கொழுந்தும் அதிகம் என்றுதான் பேச்சு. அந்த டவர் மாசிலாமணி ஒருவரை மட்டுமே பார்க்கிறது என்பதும் அந்த அதிகங்களோடு சேர்ந்துகொண்டதே தவிர, அதைத் தனியாக எடுத்துவைத்து அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை.

நாலு பக்கமும் மலை எழும்பி, நடுவில் கிண்ணம் போலக் குழிந்து கிடக்கிற இடம் அது. கிண்ணத்தின் அடியில் தேயிலை ஃபேக்டரி, சுற்றிலும் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயங்கள், லயங்களுக்கு மேலே நம்பர் போட்ட தேயிலைக் காடுகள், காடுகளுக்கு மேலே சோலை, சோலைக்கு மேலே மேகம். டவர் வரும்வரைக்கும் வெளியே யாரிடமாவது பேச வேண்டுமானால் பஸ் ஏறி மூன்று கொண்டை ஊசி தாண்டித்தான் போக வேண்டும். அதனால் டவர் வந்தபோது அதற்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஃபாதரையும் கூப்பிட்டு ஜெபம் செய்தார்கள்.

டவரை நிறுத்த வந்த பொறியாளர் பிரசன்னா, உச்சியில் மாட்டியிருந்த பலகைகளைக் காட்டி, "இது பழைய ஆன்டெனா மாதிரி எல்லாப் பக்கமும் வீணா இறைக்காது, எங்கிருந்து சத்தம் வருதோ அந்தத் திசையைத் தானே கண்டுபிடிச்சு அங்க மட்டும் கொடுக்கும்" என்றான். கேரம்போர்டு அகலத்தில் இருந்த ஒவ்வொரு பலகையிலும் பிஸ்கட் அடுக்கியதுபோல் சின்னச் சின்ன சதுரங்கள். "அப்ப தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்குமா சார்?" என்று கேட்டாள் கொழுந்து எடுக்கிற குருவம்மாள். "அசையாதும்மா. அசையாமலே பார்க்கும்" என்றான் அவன். "எங்க மாமியார் மாதிரி" என்றாள் அவள்.

டவருக்கு எஸ்டேட்டின் மேடு பள்ளத்தைப் பழக்க வேண்டும், அதற்கு ஒருவர் சோதனைப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எல்லாக் காட்டையும் நடந்து வர வேண்டும் என்றான் பிரசன்னா. அட்டைக்கும் காட்டெருமைக்கும் பயந்து கம்பெனி ஆட்கள் பின்வாங்க, சிறுத்தைக் காவலுக்கு எப்படியும் எஸ்டேட்டைச் சுற்றுகிற மாசிலாமணியின் கழுத்தில் பெட்டி ஏறியது. அவர் ஒரு காடு விடாமல் நடந்தார். நடந்து முடித்துப் பெட்டியைக் கொடுத்தார். பெட்டி ஜீப்பில் ஏறி மலை இறங்கிப் போய்விட்டது. டவர் அவரைப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் பிரட்டில்தான் தெரிந்தது. பிரட்டு என்பது காலையில் எல்லோரும் களத்தில் கூடி நிற்க, இன்னார் இன்ன காட்டுக்கு என்று கணக்குப்பிள்ளை ஆள் பிரித்து அனுப்புகிற வேளை. மாசிலாமணி வந்து வரிசையில் நின்றதும் அத்தனை பேர் இடுப்பிலும் பையிலும் போன்கள் குருவிக்கூட்டம் போலக் கத்தின. அவர் கக்கூஸ் பக்கம் ஒதுங்கியதும் எல்லாம் செத்தன. திரும்பி வந்ததும் மறுபடி கத்தின. கணக்குப்பிள்ளை எபனேசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "மாசிலாமணி அண்ணே, இன்னொருக்கா அந்தப் பக்கம் போயிட்டு வாங்க" என்றார். போனார். வந்தார். ஒரு லயத்து முற்றத்து அகலம் இருக்கும், அவரைச் சுற்றி அந்த வட்டத்துக்குள் நின்றவர்களுக்குத்தான் உலகம் இருந்தது.

பிரசன்னா இன்னும் இரண்டு பேரோடு திரும்பி வந்தான். காட்டெருமை நிற்கும் என்று பயந்து வழிகாட்ட மாசிலாமணியையே கூட்டிக்கொண்டு போனான். போன இடமெல்லாம் போனில் சிக்னல் கோடு நிறைந்து நின்றது. "அந்த ஆளை விட்டுட்டுப் போய்ப் பாருங்க சார்" என்று குருவம்மாள் கத்தியதற்கு, "ஆள் இல்லாம எப்படிம்மா போறது?" என்று சிரித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு யாரும் கம்பெனியைக் கூப்பிடவில்லை. எஸ்டேட் ஜனங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர்கள் அதை நேராக்கினார்கள்: பிரட்டில் சேர்த்தார்கள். கொழுந்துக்கு ஆள், செடி வெட்டுகிற கவ்வாத்துக்கு ஆள், மருந்தடிக்க ஆள் என்று பிரித்து முடித்ததும் எபனேசர் அதே குரலில், "மாசிலாமணி, காலையில ஏழாம் நம்பர், மத்தியானம் ரேஷன் கடை, சாயந்தரம் மூணாவது லயம்" என்பார். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் அவர் நின்றால் அரிசி வந்தது. பரீட்சை நாட்களில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து போனைப் பார்த்து எழுதினார்கள். பெண் பார்க்கிற வீட்டில், துபாய் மாப்பிள்ளை திரையில் தெரியும்படி அவர் கதவுக்குப் பின்னால் நின்றார். குவைத்தில் இருந்த ஒரு மகன் தகப்பனின் அடக்கத்தைத் திரையில் பார்ப்பதற்காக அவர் போய்க் குழியின் தலைமாட்டில் நின்று, உறவுக்காரர் இல்லையென்றாலும் உறவுக்காரர்களோடு சேர்ந்து அழுதார். விருந்துகளில் அவருக்கு நடுப்பந்தியில் இலை போட்டார்கள், மழையில் அவருக்குத்தான் முதல் குடை, அவருக்கு இருமல் வந்தால் எஸ்டேட்டே கஷாயம் காய்ச்சியது.

குருவம்மாளின் மருமகளுக்குத் தலை திரும்பாமல் பிரசவம் சிக்கிய அன்று, அவர் செருப்புக்கூட இல்லாமல் ஓடிப்போய் அவள் வாசலில் நின்றார். ஆம்புலன்ஸுக்குப் பேச முடிந்தது. பிள்ளை பிழைத்தது, தாயும் பிழைத்தாள், பிள்ளைக்கு மணி என்று பெயர் வைத்தார்கள்.

அது அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பதை அவர் பின்னால் எத்தனையோ தடவை தனக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தார், புரட்டிய பக்கமெல்லாம் பிடித்திருந்தது என்றேதான் இருந்தது. காவலுக்கு வருவதற்கு முன்னால் அவர் ஃபேக்டரியில் சங்குக்காரர். பாய்லர் நீராவியில் சங்கு ஊதி எஸ்டேட்டை எழுப்பி, சாப்பிட வைத்து, வேலை முடித்து வீட்டுக்கு அனுப்பியவர். அத்தனை பேரும் அவர் சங்கைக் கேட்டார்கள், ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. பிறகு சங்கைக் கடிகாரத்தோடு பொருத்திவிட்டு, இனி அதுவே ஊதிக்கொள்ளும், நீங்கள் காவலுக்குப் போங்கள் என்றார்கள். இப்போது எத்தனையோ வருஷம் கழித்து ஊரே அவர் முகத்தைப் பார்த்து, "வாங்கண்ணே, இங்க நில்லுங்கண்ணே" என்றது.

சங்குக்காரராக இருந்த காலத்தில் அவர் செய்த ஒரு காரியம் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். சாயந்தரச் சங்கை ஊதி முடித்ததும், பிடியை விடுவதற்கு முன், துளியூண்டு இன்னொரு தடவை அழுத்துவார். நீளமாக ஒரு ஊ, அதன் நுனியில் சின்னதாக ஒரு உம். கல்யாணமான புதிதில் ஒருநாள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் மனைவி பரிபூரணம், "இன்னைக்குச் சங்குக்கு வால் நீளமா இருந்துச்சே, என்ன விசேஷம்?" என்றாள். அவர் வெட்கப்பட்டார். எஸ்டேட் முழுக்கக் கேட்ட சத்தத்தில் அந்த வால் மட்டும் அவளுக்கு என்று அவள் ஒருத்தி கண்டுகொண்டாள்.

இப்போது பூரணத்தின் வீட்டில் எந்நேரமும் ஆள் இருந்தார்கள். அவள் அடுப்பங்கரையில் நின்று யாரோ திருப்பூருக்குப் பேசினார்கள், அவள் கட்டிலில் உட்கார்ந்து யாரோ பெங்களூருக்கு அழுதார்கள். அவள் குளிக்கப் போனால் மறைப்பு ஓலைத் தட்டிக்கு வெளியே நின்று ஒருத்தன் பாங்க்குக்காரனிடம் தன் பிறந்த தேதியைச் சத்தமாகச் சொன்னான். பூரணம் முதலில் டீ போட்டுக் கொடுத்தாள், பிறகு டீ போடுவதை நிறுத்தினாள், பிறகு பேசுவதை நிறுத்தினாள். ஒரு காலையில் பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

"எங்க?" என்றார் மாசிலாமணி.

"உடுமலை. தங்கச்சி வீட்டுக்கு."

"ஏன், என்ன கோவம்?"

"கோவம்னு சொல்ல ஒரு சண்டை போட்டிருக்கணும்ல? நாம சண்டை போட்டு எத்தனை நாளாச்சு? எப்பப் போடறது, யாரு முன்னாடி போடறது? நம்ம சண்டையக்கூட இவங்க எடுத்துக்கிட்டாங்க." பிறகு மெதுவாக, "உங்களுக்கு இது பிடிச்சிருக்குங்க. அதான் எனக்குத் தாங்கல" என்றாள்.

அவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பேர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்காத மாதிரி நின்றார்கள். அவள் போய்விட்டாள்.

மலைக்கே சிக்னல் கொடுத்துக்கொண்டிருந்த மனிதரால் தன் மனைவியோடு ஒரு வார்த்தை தனியாகப் பேச முடியவில்லை. அவர் போனை எடுத்தாலே, அண்ணன் பேசுகிறார், நாமும் பேசிக்கொள்ளலாம் என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். "பக்கத்துல யாரு?" என்பாள் பூரணம். "யாருமில்ல" என்பார். பின்னாலிருந்து யாராவது, "அக்காவைக் கேட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்பார்கள். நாலாவது தடவை அவள் சொன்னாள்: "ஒரு மனுஷர் இல்லாத இடத்துல நின்னு என்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. உங்க வார்த்தை. ஒண்ணே ஒண்ணு. வர்றேன்."

அவர் சோலைக்குள் ஏறிப் போனார். ரிசல்ட் வருகிற நாள் அது, அவருக்குப் பின்னால் பிள்ளைகளும் பெற்றவர்களும் எறும்பு வரிசையாக ஏறி வந்தார்கள். காவலுக்குப் போகிறேன், சிறுத்தை நடமாடுகிறது என்றார். அப்படியானால் தனியாகப் போகக்கூடாது என்று துணைக்கு வந்தார்கள், போனோடு. கடைசியில், மலையை விட்டு இறங்கினால் டவரும் விட்டுவிடும், உடுமலையில் தானும் ஒரு சாதாரண ஆளாகப் பூரணத்தின் முன்னால் நிற்கலாம் என்று நினைத்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். யாரும் திட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. குருவம்மாள் மட்டும் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் வந்தாள்.

"போயிட்டு வாங்கண்ணே. போகக் கூடாதுன்னு யாரு சொன்னா? எப்ப வருவீங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. அதுவரைக்கும் இவனுக்குக் காய்ச்சல் வராமப் பார்த்துக்கறேன்."

பிள்ளை அவரைப் பார்த்துப் பல்லில்லாத வாயால் சிரித்தது. டிரைவர் என்ஜினைப் போட்டார். மாசிலாமணி இறங்கிவிட்டார். தன்னை இறக்கியது அந்தப் பிள்ளையா, பிள்ளையைச் சாக்காக வைத்துக்கொண்ட தானா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாததை வாயில் போட்டு மென்றுகொண்டே, பிரட்டில் சொன்ன மத்தியான இடத்துக்கு நடந்தார்.

பூரணம் கேட்டது என்ன என்பது எஸ்டேட் முழுக்கத் தெரிந்துதான் இருந்தது, எல்லோரும் கேட்டுக்கொண்டுதானே இருந்தார்கள். ஒருநாள் பிரட்டில் எபனேசர் ஆள் பிரித்து முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல மாசிலாமணி அண்ணனுக்கு லீவு. அஞ்சு மணிச் சங்கு ஊதுற வரைக்கும் ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிய தலை நீட்டக் கூடாது. கதவைச் சாத்திக்கணும். நாய்களையும் கட்டிப் போடணும். அண்ணன் ஒன்பதாம் நம்பர் உச்சியில நின்னு அக்காகிட்டப் பேசட்டும்." களத்தில் கைதட்டினார்கள். குருவம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் மாசிலாமணி என்றைக்கோ தப்பித்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் கதவைச் சாத்திக்கொண்டது. மாசிலாமணி ஒன்பதாம் நம்பர் உச்சிக்கு ஏறினார். பனி இறங்கியிருந்தது, தேயிலையில் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. வருஷக்கணக்கில் அவரைச் சுற்றி இருந்த குரல்கள் இல்லாமல் காது வலித்தது. தூரத்தில் டவர் மட்டும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போட்டார், அவள் எடுத்தாள்.

"பக்கத்துல யாரு?"

"யாருமில்ல. சத்தியமா யாருமில்ல பூரணம்."

"ம். பேசுங்க."

அவர் பேசினார். "சாப்ட்டியா? அங்க மழையா? உடம்பப் பாத்துக்க. பிள்ளைங்க நல்லாப் படிக்குதா? பணம் வந்துச்சா? ஒண்ணாந்தேதி போடறேன்." சொல்லச் சொல்ல அவருக்கே கேட்டது. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. யாரும் யாருக்கும் பணம் போட வேண்டியதில்லை. அது மூன்றாவது லயத்துச் செல்வராஜ் திருப்பூருக்குப் பேசுகிற பேச்சு. அதைத் துப்பிவிட்டு வேறொன்றை எடுத்தார், "நீ இல்லாம வீடு வீடாவே இல்லடி" என்றார், அது டிரைவர் தன் மனைவியிடம் சொல்வது. அடுத்து வந்தது குவைத் மகனின் அழுகை. வாய் நிறைய ஜனங்கள், ஒருவர் பின்னால் ஒருவர், பிரட்டு வரிசை மாதிரி நின்றார்கள்.

"பொய்யா சொல்றீங்க?" என்றாள் பூரணம், கோபமில்லாமல். "அத்தனை பேரும் இருக்காங்களே."

அவள் போனை வைக்கவில்லை. அவர் ஒவ்வொருவராக இறக்கிவிட்டார், செல்வராஜை, டிரைவரை, துபாய் மாப்பிள்ளையை, பாங்க்கில் கடன் கேட்டவனை. எல்லோரும் போன பிறகு உள்ளே வெறும் களமாகக் கிடந்தது. அந்தக் களத்தின் ஓரத்தில், பாய்லர் சூடும் எண்ணெய் வாடையுமாக, ஒரு பிடி தெரிந்தது. அவர் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, இன்னொரு கையை வாயைச் சுற்றிக் குவித்து, நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஊதினார். நீளமாக ஒரு ஊ. நுனியில் சின்னதாக ஒரு உம்.

பனியில் அந்தச் சத்தம் கிண்ணத்தின் ஒரு விளிம்பில் புறப்பட்டு மறு விளிம்பில் மோதி லயங்களின் மேல் இறங்கியது.

தலைமுறை தலைமுறையாகச் சங்குக்கு எழுந்து சங்குக்குப் படுத்தவர்கள் அவர்கள். சங்கு ஊதியாயிற்று. என்ன இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் என்று ஓரிரண்டு வயசாளிகள் நினைத்தார்கள், பழைய சங்கு மாதிரி இருக்கிறதே என்றும் நினைத்தார்கள், ஆனால் கால்கள் நினைக்கவில்லை. கதவுகள் திறந்தன. நாய்கள் அவிழ்ந்தன. மத்தியானத்திலிருந்து அடக்கி வைத்திருந்த பேச்சோடு எஸ்டேட்டே ஒன்பதாம் நம்பர் மேல் ஓடி வந்தது.

போனில் பூரணம் முதலில் மூச்சு விட்டாள். பிறகு சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். பிறகு அவள் ஏதோ சொல்லத் தொடங்கினாள், அந்த நேரம் வட்டத்துக்குள் முதல் கூட்டம் நுழைந்து, சேர்ந்து கிடந்த சேதிகளெல்லாம் அத்தனை போனிலும் ஒரே சமயத்தில் கொட்டின. "முடிஞ்சுதாண்ணே? அக்கா வர்றாங்களா? ஒரு கால் போட்டுக்கவா?" அவர் போனைக் காதில் அழுத்திப் பிடித்தார். அவள் சொன்னது முடிந்து, இணைப்பு அறுந்திருந்தது.

வருகிறேன் என்றாளா, இனி கூப்பிட வேண்டாம் என்றாளா? மறுபடி போட்டார். அவள் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து சாயந்தரமானால் மாசிலாமணி கடைசி பஸ் வருகிற இடத்துக்குப் போய்ப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். அவர் அங்கே உட்கார்ந்ததால் எஸ்டேட்டும் அங்கே வந்து உட்கார்ந்தது. சுண்டல் விற்க ஒருவர் வந்தார். கீழே வளைவில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் அவருக்குத் தன்னையறியாமல் கை வாய்க்குப் போகும், சங்கு ஊதுவார். ஊதியதும் ஜனங்கள் பேச்சை முடித்துப் போனைப் பையில் போட்டுக்கொண்டு கலைவார்கள். சில நாளிலேயே அதுவும் வழக்கமாகிவிட்டது. "அண்ணன் சங்கு ஊதிட்டாரு, வைக்கிறேன், நாளைக்குப் பேசறேன்" என்று திருப்பூருக்கும் துபாய்க்கும் சொன்னார்கள். அவருடைய ஒரே சொந்த வார்த்தையும் பிரட்டில் சேர்ந்துவிட்டது. பஸ் வந்து நிற்கும், ஆள் இறங்கும், அவள் இறங்கமாட்டாள். டிரைவர் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஷெட்டில் படுக்கப் போவார். காலையில் அதே வண்டிதான் முதல் பஸ்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, மழை விட்ட ஒரு சாயந்தரம், அவர் ஊதினார், ஜனங்கள் கலைந்தார்கள், பஸ் வந்து நின்றது. கடைசியாக இறங்கியவள் பூரணம். தோளில் அதே பை. யாருமில்லாத பாலத்தைச் சுற்றிலும் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"எல்லாரும் எங்க?"

"சங்கு ஊதிட்டேன். போயிட்டாங்க."

"எதுவரைக்கும்?"

"பிரட்டு வரைக்கும்."

அவள் பாலத்துக் கட்டையில், அவருக்கு ஒரு கை இடம் விட்டு உட்கார்ந்தாள். இரண்டு பேரும் பேசவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு பேசாமல் இருக்க முடிந்தது.

"அன்னைக்கு என்ன சொன்ன? எனக்குக் கேக்கல" என்றார் அவர்.

"கேக்காததும் நல்லதுதான். இப்ப வேற சொல்ல வந்திருக்கேன்."

கீழே மூன்றாவது லயத்தில் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. பசிக்கு அழுகிற அழுகை இல்லை, இழுத்து இழுத்து, இருமலோடு வருகிற அழுகை. ஒரு கதவு திறந்தது. ஒரு போன் வெளிச்சம் வாசலில் நின்று தயங்கி, பிறகு பாதையில் ஏறத் தொடங்கியது. மாசிலாமணி அதைப் பார்த்தார். பூரணமும் பார்த்தாள். குருவம்மாளின் நடையை இருவருக்கும் தெரியும்.

ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் கை நீட்டி மனைவியின் பையை வாங்கிக்கொண்டார், எப்போதும் வாங்குவது போல. தூக்கிய கை சட்டென்று மேலே போனது. பையில் கனமே இல்லை. ஒரு சேலைகூட இல்லை.

"காலி பையா இருக்கு?" என்றார்.

"உங்க துணி வைக்கத்தான்" என்றாள் பூரணம்.

வெளிச்சம் ஏறி வந்துகொண்டிருந்தது.